வென்றவர் வேறு, சாம்பியன் வேறு

2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் செஸ் போட்டியில் எட்டுப் பேர் ஆடினார்கள். வென்றவர் குகேஷ். ஆனால் அந்த வெற்றி அவரை உலகச் சாம்பியன் ஆக்கவில்லை. சாம்பியனோடு மோதும் உரிமையைத்தான் தந்தது. டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5–6.5 என்ற கணக்கில் வீழ்த்திய பிறகே பட்டம் கைக்கு வந்தது. இரண்டு இடத்திலும் 'வென்றார்' என்றுதான் சொல்கிறோம். ஆளுக்குச் சூட்டும் பெயர் மட்டும் மாறிவிடுகிறது. ஏன் என்று மொழியியல் ஓரளவு தெளிவாகவே விளக்குகிறது.

முதலில் வினையைப் பார்ப்போம். 'அரை மணி நேரம் ஓடினார்' என்பது சரி. 'அரை மணி நேரம் வென்றார்' என்றால் காது ஒத்துக்கொள்ளாது. 'ஓடிக்கொண்டிருக்கிறார்' என்றால் இப்போது பாதையில் இருக்கிறார். 'வென்றுகொண்டிருக்கிறார்' என்றாலோ, ஒரு பந்தயத்தைப் பற்றிய பேச்சாக அது இருக்காது. பல போட்டிகளில் அடுத்தடுத்து ஜெயித்து வருகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வோம். ஓடுவது நீண்டு செல்லும் செயல். வெல்வதற்கு நீளம் கிடையாது, அது ஒரு கணம். கில்பர்ட் ரைல் என்ற தத்துவ அறிஞர் 1949-லேயே முயற்சியைச் சொல்லும் வினைகளையும் அதன் முடிவைச் சொல்லும் வினைகளையும் பிரித்துக் காட்டினார். 1957-ல் ஸீனோ வெண்ட்லர் வினைகளை நான்கு வகையாகப் பகுத்தபோது, பந்தயத்தில் வெல்வதும் மலையுச்சியை எட்டுவதும் ஒரே வகையில் சேர்ந்தன.

அந்தக் கணம் நடுவரின் கையிலும் இருக்கிறது. 1988 செப்டம்பர் 24 அன்று சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடி முதலில் கோட்டைக் கடந்தார். மூன்றே நாளில், ஊக்கமருந்து எடுத்தது உறுதியாகி, தங்கம் பறிக்கப்பட்டு, 9.92 விநாடியில் ஓடிய கார்ல் லூயிஸிடம் போனது. ஜான்சன் 'ஓடினார்' என்பது இன்றைக்கும் உண்மை. 'வென்றார்' என்பது மட்டும் பின்னோக்கிப் பொய்யாகிவிட்டது. ஓட்டத்துக்குக் கால்கள் போதும்; வெற்றிக்கு விதிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, ஆளைக் குறிக்கும் சொற்களுக்கு வருவோம். 'வென்றவர்' என்பது வினையாலணையும் பெயர். பள்ளி இலக்கணத்தில் படித்ததுதான்: அது காலம் காட்டும். வென்றவர் என்றதும், முடிந்துபோன ஒரு நிகழ்வோடு அந்த ஆளை ஆணியடித்துவிடுகிறோம். 'எதில்?' என்ற கேள்வி உடனே எழும். 'வெற்றியாளர்' காலம் காட்டாது, என்றாலும் அதே கேள்வியை எழுப்பும். 'சாம்பியன்' அப்படியில்லை. அது ஒரு பதவியைப் போல நடந்துகொள்ளும் சொல். அதனால்தான் சாம்பியன் பட்டத்தைத் தக்கவைக்கலாம், பறிகொடுக்கலாம். நடப்புச் சாம்பியன், முன்னாள் சாம்பியன் என்றெல்லாம் அடைமொழி சேர்க்கலாம்.

விஸ்வநாதன் ஆனந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டை வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். 2013-ல் சென்னையில் மேக்னஸ் கார்ல்சனிடம் தோற்று, முன்னாள் சாம்பியன் ஆனார். ஆனால் 2012-ல் வென்றவர் இன்றும் அவர்தான். அந்த வெற்றிக்கு 'முன்னாள்' சேர்க்க வழியே இல்லை. கார்ல்சன் கதை இன்னும் சுவாரசியம். அவரை யாரும் தோற்கடிக்கவில்லை. 2023 பட்டப் போட்டியில் ஆட மறுத்தார், பதவி போய்விட்டது. வென்ற ஆட்டங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

ஆனால், சாம்பியன் என்ற சொல்லோடு ஊரையோ ஆண்டையோ சேர்த்துவிட்டால் அதன் குணம் மாறிவிடும். 'டோக்கியோ ஒலிம்பிக் சாம்பியன்' நீரஜ் சோப்ராவுக்கு என்றைக்கும் அதுதான் பெயர். பாரிஸில் என்ன நடந்தாலும் அதைத் தொட முடியாது.

பாரிஸில் நடந்தது நம் வினைக்கும் ஒரு நல்ல சோதனை. 2024-ல் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்தார், நீரஜ் 89.45. 'நீரஜ் வெள்ளி வென்றார்' என்று தாராளமாகச் சொல்கிறோம். 'நீரஜ் ஈட்டி எறிதலில் வென்றார்' என்றால் பிழை. வினை ஒன்றுதான், எதை வென்றார் என்பது மாறினால் இடமே மாறிவிடுகிறது. அப்புறம், வெள்ளி எப்போதும் இரண்டாமிடமும் அல்ல. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதலிடத்துக்கே வெள்ளிப் பதக்கமும் ஆலிவ் கிளையும்தான். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை 1904-ல்தான் வந்தது.

கிளையும் பூவும் சூட்டும் வழக்கம் நம் மொழிக்குள்ளும் ஆழமாக இருக்கிறது. 'வாகை சூடினார்' என்று இன்றும் தலைப்புச் செய்தி போடுகிறோம். வாகை என்றதும் போர்தான் நினைவுக்கு வரும். தொல்காப்பியம் அதை அங்கே நிறுத்தவில்லை. அவரவர் துறையில் குறையின்றி மேம்பட்டு நிற்பதையே வாகை என்கிறது. ஒரு செஸ் வீரருக்கோ ஓட்டக்காரருக்கோ இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

எல்லாப் பரிசுக்கும் 'வென்றார்' பொருந்துமா? 'நோபல் வென்றார்' என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். நான் 'பெற்றார்' பக்கம். வெல்பவர் களத்தில் இறங்கி எதையாவது செய்ய வேண்டும். பெறுபவருக்கு யாரோ தருகிறார்கள். நோபல் பரிசுக்கு ஒருவர் தன் பெயரைத் தானே பரிந்துரைக்க முடியாது. எதிராளி இல்லை, ஆட்டமும் இல்லை. ஆனால் 'பெற்றவர்' என்ற சொல்லும் ஓரிடத்தில் முட்டிக்கொள்கிறது. 1964-ல் இலக்கியத்துக்கான நோபலை ழான் பால் சார்த்தர் வேண்டாம் என்று மறுத்தார். நோபல் பட்டியலில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. வாங்காதவரைப் பெற்றவர் என்று எப்படி எழுதுவது? 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்று எழுதினால் சரியாக இருக்கும்.