காலையில் வரும் முதல் டம்ளரில் டி.டி.எஸ். ஏறுவது ஏன்?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினில் மெம்பரேனிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயைக் கழற்றி, காலையில் முதலில் வரும் தண்ணீரை மீட்டரில் அளந்தேன். 190 காட்டியது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அளந்தால் 60. போர் தண்ணீர் 900. சர்வீஸுக்கு வந்தவர் காலை அளவை மட்டும் பார்த்துவிட்டு, 'மெம்பரேன் போச்சு மேடம், மாத்திடலாம்' என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?"

வேண்டாம். அந்த மீட்டர் காட்டுவது டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பு முதலானவை எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கின்றன என்ற கணக்கு. மெம்பரேன் என்பது அந்த உப்பைத் தடுக்கும் சவ்வு. 900-இல் 60 என்றால் நூற்றுக்கு ஏழு பங்கு உப்புகூட கசியவில்லை. உழைத்துக்கொண்டிருக்கும் வீட்டு மெம்பரேனுக்கு இது நல்ல மதிப்பெண். ஆனால் 190-ம் பொய்யில்லை. இரண்டு எண்களும் ஒரே மெம்பரேனிலிருந்துதான் வருகின்றன. அது எப்படி என்று புரிந்துவிட்டால், இந்த மெஷினைப் பராமரிக்கத் தெரியவேண்டியதில் முக்கால்வாசி கைவந்துவிடும்.

மெஷினின் முன்பாதியை வேகமாகக் கடந்துவிடலாம். வெளியே தொங்கும் வெள்ளைக் கேண்டில் மண்ணையும் துருவையும் பிடிக்கிறது. அடுத்துள்ள கார்பன், குளோரினை உறிஞ்சுகிறது. பம்ப் அழுத்தத்தை ஏற்றுகிறது. பிறகு மெம்பரேன். அதிலிருந்து இரண்டு குழாய்கள் கிளம்பும்: ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் 'வேஸ்ட்' தண்ணீர். சவ்வூடு பரவல் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். இயல்பாக உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குப் போகும் தண்ணீரை, அழுத்தம் கொடுத்து எதிர்த்திசையில் தள்ளினால் அது ஆர்.ஓ. கடல்நீருக்கு அந்த இயல்பான இழுப்பு மட்டுமே ஏறக்குறைய 27 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அதனால்தான் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகளில் அவ்வளவு பெரிய பம்புகள். 900 டி.டி.எஸ். போர் தண்ணீருக்கு அது ஒரு பார்கூட இல்லை. அதனால் சமையலறைச் சுவரில் மாட்டிய சின்னப் பம்பே போதும்.

இனி மெம்பரேன். பலரும் இதைச் சல்லடை என்று நினைக்கிறார்கள். விற்பவர்கள் காட்டும் படங்களிலும் ஓட்டைகள், ஓட்டைக்குள் நுழையமுடியாத உப்பு உருண்டைகள். அப்படியிருந்தால் உப்பு ஒன்று மொத்தமாக நிற்கவேண்டும், இல்லை மொத்தமாக வரவேண்டும். காலையில் ஒரு கணக்கு, அரைமணி கழித்து ஒரு கணக்கு என்று வராது.

உண்மையில் வேலை செய்வது ஒரு பாலிஅமைடு படலம். கனம் 100 முதல் 200 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கு உள்ளே. கண்ணுக்குத் தெரியாது. கையில் எடுத்துப் பார்க்கும் வெள்ளைத் தாள் முழுவதும் அதைத் தாங்கும் அடித்தளம்தான். 1960-ஐ ஒட்டி கலிபோர்னியாவில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் இருவரும் செய்த முதல் பயனுள்ள மெம்பரேன் செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனது. 1970-களில் ஜான் கடோட் பாலிஅமைடு படலத்தைக் கொண்டுவந்தார். இன்று நம் வீட்டில் இருப்பது அதன் வாரிசு.

இந்தப் படலத்தைத் தண்ணீர் எப்படிக் கடக்கிறது? பொருளுக்குள் கரைந்து, ஊடுருவி, மறுபக்கம் வெளியேறுகிறது என்பது 1965-இல் வந்த விளக்கம். இல்லை, மிகநுண்ணிய இடைவெளிகள் வழியே கூட்டங்கூட்டமாகப் பாய்கிறது என்று யேல் பல்கலைக்கழகத்தின் எலிமெலெக் குழுவினர் 2023-இல் கட்டுரை எழுதினார்கள். கோடிக்கணக்கான வீடுகளில் தினமும் ஓடுகிற ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று அறுபது ஆண்டு கழித்தும் அடிதடி நடப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். நமக்கு வேண்டிய செய்தியில் மட்டும் இரு தரப்புக்கும் பெரிய சண்டையில்லை: தண்ணீரை நகர்த்துவது அழுத்தம், உப்பு பெரும்பாலும் அழுத்தத்தைச் சட்டைசெய்வதில்லை. இரு பக்கமும் உள்ள செறிவு வேறுபாட்டைப் பார்த்து, அது பாட்டுக்குத் தன் வேகத்தில் கசிகிறது.

இந்த ஒரு வரியை இரண்டு தடவை படிக்கலாம். பம்ப் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கொஞ்சம் உப்பு நல்ல தண்ணீர்ப் பக்கம் வந்துகொண்டே இருக்கிறது. பம்ப் ஓடும்போது அதோடு சேர்ந்து நிறையத் தண்ணீரும் வருவதால் உப்பு நீர்த்துப்போகிறது. ஒரு ஸ்பூன் உப்பைச் சொம்பு ரசத்தில் போட்டால் வாயில் வைக்கமுடியாது. அண்டா ரசத்தில் போட்டால் இருப்பதே தெரியாது. ஆர்.ஓ. தண்ணீரின் தூய்மை என்பது அண்டா பெரிதாக இருப்பதுதான்.

இரவு டேங்க் நிரம்பி மெஷின் நின்றுவிடுகிறது. மெம்பரேனின் ஒரு பக்கத்தில் கழிவாகப் போகவேண்டிய, உப்பு செறிந்த நீர் அப்படியே தேங்கி நிற்கிறது. மறுபக்கத்தில் கொஞ்சம் நல்ல நீர். புதுத் தண்ணீர் வருவது நின்றுவிட்டது, உப்பு கசிவது நிற்கவில்லை. விடியும்வரை அது சமன் செய்யப் பார்க்கிறது. காலையில் பம்ப் ஓடியதும் முதலில் வெளியே தள்ளப்படுவது அந்தத் தேங்கிய நீர். அதுதான் 190. அது போனதும் 60.

இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்: டி.டி.எஸ்.ஸை மெஷின் பத்து நிமிடமாவது ஓடிய பிறகே அளக்கவேண்டும். உள்ளே போகும் தண்ணீரையும் அதே நேரத்தில் அளக்கவேண்டும். போர் தண்ணீர் ஐப்பசியில் ஒரு மாதிரி, பங்குனியில் ஒரு மாதிரி இருக்கும். '60-ஆக இருந்தது 90 ஆகிவிட்டது' என்பதற்குத் தனியாக அர்த்தமில்லை. உள்ளே 900-லிருந்து 1,350 ஆகியிருந்தால் மெம்பரேன் அப்படியேதான் இருக்கிறது. வெயிலையும் கணக்கில் வைக்கவேண்டும். சித்திரையில் மொட்டைமாடி டேங்கில் கொதித்து வரும் தண்ணீரில் படலம் இளகும், உப்பு கூடுதலாகக் கசியும். மார்கழியில் தானே இறங்கிவிடும்.

டம்ளர் டம்ளராகப் பிடிக்கப் பிடிக்க, மெஷின் அடிக்கடி சில நிமிடம் மட்டும் ஓடி நின்றால், ஒவ்வொரு தொடக்கத்திலும் அந்தத் தேங்கிய நீர் டேங்கில் சேர்ந்துகொண்டே போகும். டேங்கைப் பாதியாவது இறக்கிவிட்டு ஒரே மூச்சில் நிரப்புவது நல்லது.

இரண்டாவது, அழுத்தம். பம்ப் பலம் பாதியாகக் குறைந்தால் தண்ணீர் பாதியாகும், உப்பு அதே அளவு கசியும், டி.டி.எஸ். ஏறக்குறைய இரட்டிப்பாகும். மெம்பரேனில் ஒரு குறையும் இல்லாமலே இது நடக்கும். பெரும்பாலும் காரணம் சில நூறு ரூபாய் பெறாத வெள்ளைக் கேண்டில். அது சேறு பிடித்துப் பழுப்பேறி அடைத்துக்கொண்டால் பம்புக்குத் தண்ணீர் போதாது. ஆகவே தண்ணீர் மெதுவாக வருகிறது, டி.டி.எஸ்.ஸும் ஏறியிருக்கிறது என்றால் முதலில் மாற்றவேண்டியது கேண்டில், அடுத்துப் பார்க்கவேண்டியது பம்ப். மெம்பரேன் கடைசி.

தண்ணீர் முன்னைவிட வேகமாக வந்து டி.டி.எஸ்.ஸும் ஏறினால் கதை வேறு. பாலிஅமைடுக்குக் குளோரின் ஆகாது. கார்பன் தீர்ந்துபோன மெஷினில் குளோரின் கலந்த குடிநீர் வாரிய நீரோ லாரி நீரோ ஓடினால், படலம் கொஞ்சங்கொஞ்சமாகச் சிதைந்து தண்ணீரையும் உப்பையும் சேர்த்தே விடத் தொடங்கும். இதற்கு வைத்தியம் கிடையாது, புது மெம்பரேன்தான். குளோரின் போடாத போர் தண்ணீர் மட்டும் ஓடும் வீட்டில் இந்த ஆபத்து இல்லை.

இன்னொரு சாத்தியமும் உண்டு. பல மெஷின்களில் 'டி.டி.எஸ். அட்ஜஸ்டர்' என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அது மெம்பரேனுக்குள் போகாமல் சுற்றுவழியில் வரும் தண்ணீரை நல்ல தண்ணீரில் கொஞ்சம் கலக்கிறது, 'ருசிக்காக'. யாரோ அதைத் திருகிவிட்டுப் போயிருந்தாலும் அளவு ஏறும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளோரைடு உள்ள போர் தண்ணீரில் இந்தத் திருகைத் தொடவே கூடாது. ஃபுளோரைடை நீக்கத்தான் மெஷின் வாங்கினோம். அதைப் பின்வாசல் வழியாகக் கூப்பிடுவானேன்?

அடுத்து, நிறையப் பேர் கேட்கும் கேள்வி: வேஸ்ட் குழாயை மடக்கிக் கட்டினால் தண்ணீர் மிச்சமாகுமே? ஆகும், சில வாரங்களுக்கு. நான்கு லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வந்தால், 900 டி.டி.எஸ். கழிவுக் குழாயில் சுமார் 1,200 ஆகிறது. பாதிக்குப் பாதி எடுத்தால் 1,800. பத்தில் ஒன்பதை எடுத்தால் 9,000. படலத்தை ஒட்டிய மெல்லிய அடுக்கில் இதைவிடவும் அதிகம், ஏனென்றால் தண்ணீர் உப்பை அங்கேதான் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிறது. அதை வாரிக்கொண்டு போவதுதான் வேஸ்ட் தண்ணீரின் வேலை. அந்த ஓட்டம் குறைந்தால் செறிவு ஏறும், கசிவும் ஏறும், கால்சியம் கார்பனேட் படியும். பெட்டியில் போட்டிருக்கும் '75 ஜி.பி.டி.' (ஒரு நாளைக்கு 75 கேலன்) கணக்குகூட 250 டி.டி.எஸ். உள்ள மென்னீரில், உள்ளே போவதில் 15 சதவீதம் மட்டும் எடுத்துச் சோதித்த கணக்கு. அந்த மாதிரி தண்ணீர் நம் தெருவில் எந்தப் போரில் வருகிறது?

பழைய மெம்பரேன் கிடைத்தால் தூக்கிப் போடாமல் கத்தியால் நீளவாக்கில் கீறிப் பிரித்துப் பாருங்கள். பாய்போலச் சுருட்டிய தாள்கள், நடுவில் பிளாஸ்டிக் வலை. தண்ணீர் நுழையும் முனையில் பழுப்பு வழவழப்பு இருக்கும். கழிவு வெளியேறும் முனைக்குப் போகப் போக விரலில் நறநறக்கும் வெள்ளைப் பொடி, வலையின் கட்டம் கட்டமாகவே படிந்திருக்கும். செறிவு உச்சத்துக்குப் போகும் இடம் அதுதான். அங்கே ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைத்துக்கொண்டு வரும்.

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல், டி.டி.எஸ். 500-க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்யவும், மற்ற இடங்களில் 60 சதவீதமாவது நல்ல தண்ணீராக மீட்கவும் சொன்னது. முதல் பாதியை நான் கைதட்டி வரவேற்பேன். சிறுவாணித் தண்ணீர் வரும் கோயம்புத்தூர் வீட்டில் ஆர்.ஓ. மாட்டுவதை என்னவென்று சொல்ல? இரண்டாம் பாதி நம் ஊர்ப் போர் தண்ணீரில் சுலபமில்லை. கடினத்தன்மையும் பாறைப் பகுதிகளின் சிலிக்காவும் சேர்ந்த தண்ணீரில் 60 சதவீதம் எடுத்தும் உப்புப் படியாத சின்ன மெம்பரேன் வேண்டுமென்றால் அதற்கு ஆராய்ச்சி வேண்டும். பாவ்நகரின் உப்பு ஆராய்ச்சி நிறுவனமும் கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் பல ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கின்றன. திறப்புவிழா காணும் பெரிய ஆலைகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு இந்தச் சமையலறைப் பிரச்சினைக்குக் கிடைத்தால் தேவலை என்பது என் கட்சி.

கவனம் எங்கே போகிறது என்றால், தண்ணீரில் காரத்தன்மையைக் கூட்டும் 'ஆல்கலைன்' கேட்ரிட்ஜுக்கு. ஆர்.ஓ. தண்ணீர் லேசாக அமிலத்தன்மையோடு இருப்பது உண்மை. கரைந்த கார்பன் டை ஆக்சைடு வாயுவை மெம்பரேன் தடுப்பதில்லை, அதைச் சமன்செய்யும் பைகார்பனேட்டைத் தடுத்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். வயிற்றில் இருக்கும் அமிலத்துக்கு முன்னால் இது தூசு. இன்னொரு வித்தை, இரண்டு டம்ளரில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவது. குழாய்த் தண்ணீர் பழுப்புச் சேறாகப் பொங்கும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக நிற்கும். அந்தச் சேறு கம்பியின் இரும்பு கரைந்து வந்த துரு. ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால் கம்பி கரைவதில்லை. விற்க வந்தவரிடம் 'இதிலும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் காட்டுங்க சார்' என்று சொல்லிப் பாருங்கள்.

டி.டி.எஸ். மீட்டரும் அளப்பது மின்கடத்தலைத்தான். கிருமி அதற்குத் தெரியாது. கார்பன் குளோரினை எடுத்துவிடுவதால் டேங்கில் நிற்கும் தண்ணீருக்குக் காவல் கிடையாது. ஆகவே டேங்கை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். கிருமியைக் கொல்லும் யு.வி. (புற ஊதா) விளக்கு நீலமாக எரிவதை நம்பவேண்டாம்; எரிந்துகொண்டே பலம் குறையும், வருடம் ஒன்றானால் மாற்றவேண்டும். ஊருக்குப் போனால் வந்ததும் டேங்கில் இருப்பதைக் கொட்டிவிட்டு, புதிதாக நிரம்பும் முதல் டேங்கையும் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) காகிதத்தில் இருக்கும் தேதிக்குப் பதில், மெஷின் மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி மாதம் ஒருமுறை மூன்று எண்கள் எழுதுங்கள்: உள்ளே டி.டி.எஸ்., வெளியே டி.டி.எஸ்., மெம்பரேன் குழாயிலிருந்து ஒரு டம்ளர் நிரம்ப எத்தனை விநாடி. உள்ளே போகும் உப்பில் 15 சதவீதத்துக்கு மேல் வெளியே வந்து, கேண்டிலும் பம்பும் சரியாக இருந்தால், அப்போது மெம்பரேனை மாற்றலாம். வேஸ்ட் தண்ணீர் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் தாராளமாக ஆகும். தென்னை தாங்கும். ரோஜாத் தொட்டிக்கு ஊற்றாதீர்கள், இலை ஓரம் கருகிவிடும்.