புரொஃபஷனல் பவுண்டரி: எல்லையா, வரம்பா?

பவுண்டரி என்றதும் நமக்கு நாலு ரன்தான் ஞாபகம் வரும். நர்சிங் படிக்கிறவர்களுக்கு இன்னொரு பவுண்டரி உண்டு, 'புரொஃபஷனல் பவுண்டரி'. நோயாளியிடம் செவிலியர் எவ்வளவு நெருங்கலாம் என்ற பேச்சில் முதலில் வரும். பாடம் நடத்தும் டியூட்டருக்கும் மாணவிக்கும் நடுவிலும் அதே சொல் பொருந்தும் என்பது பலருக்கு வார்டு போஸ்டிங், அதாவது ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சிக்குப் போன பிறகுதான் உறைக்கிறது. சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இது நிலத்திலிருந்து வந்த சொல். இடைக்கால லத்தீனில் நில எல்லையைக் குறித்த 'போதினா', பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'பவுண்ட்' ஆகி, 17ஆம் நூற்றாண்டில் வால் முளைத்து பவுண்டரி ஆனது. கட்டப்பட்டது என்ற பொருளில் வரும் 'பவுண்ட்' வேறு வேர், ஒலி மட்டும்தான் ஒன்று. அதனால் இதைக் 'கட்டுப்பாடு' என்று தமிழாக்கினால் சரிவராது.

'தொழில்முறை எல்லை' என்று எழுதுகிறவர்கள் நிறைய. தப்பில்லை. ஆனால் எல்லை என்றால் எனக்கு வேலியும் கல்லும்தான் தெரிகிறது. டியூட்டரோ கைபிடித்து ஊசி போடச் சொல்லித்தர வேண்டியவர், முதல் மரணத்தைப் பார்த்து அழும் பிள்ளையைத் தேற்ற வேண்டியவர், அப்புறம் அதே பிள்ளைக்கு இன்டர்னல் மார்க் போட வேண்டியவரும் அவரேதான். அங்கே வேலி எப்படிப் போடுவது? வரம்பு என்றால் வயல் வரப்பும்தான். அது தண்ணீரைத் தேக்கும், மேலே நடக்கலாம், தேவைப்பட்டால் மடை திறக்கலாம். என் ஓட்டு வரம்புக்கே. ஆனால் வெறுமனே 'பணிவரம்பு' என்றால் செவிலியர் என்னென்ன வேலை செய்யலாம் என்ற வேறு விஷயமாகிவிடும், அதனால் 'பணியுறவு வரம்பு' என்று சொல்லலாம்.

இந்தத் தொழிலில் சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. சங்க அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய், தோழியோ அந்தச் செவிலியின் மகள். ஆஸ்பத்திரியில் 'சிஸ்டர்' என்கிறோம். எல்லாம் உறவுப் பெயர். உறவாகக் கூப்பிட்டுவிட்டு வரம்பு பேசுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய மன்றம், நோயாளி–செவிலியர் உறவை வைத்து, வரம்பு தாண்டலையும் வரம்பு மீறலையும் பிரித்துச் சொல்கிறது. தாண்டல் என்பது ஒரு தேவைக்காகவோ தெரியாமலோ சற்றே வெளியே போய்த் திரும்புவது. மீறல் என்பது தன் தேவையை எதிராளியின் தேவையோடு குழப்பிக்கொள்வது. ஆசிரியருக்கும் இந்த அளவுகோல் அப்படியே பொருந்தும். வார்டில் பசியில் மயங்கிய மாணவியை கேன்டீனுக்குக் கூட்டிப்போய்த் தன் காசில் இட்லி வாங்கித் தந்தால் தாண்டல். அதே மாணவியிடம் "வீட்டுல பாப்பாவை ஒரு மணி நேரம் பாத்துக்கோம்மா" என்று டியூட்டர் கேட்பது மீறல், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் சரி, ஏனென்றால் மார்க் ஷீட் அவர் கையில் இருக்கும்போது அந்தப் பிள்ளை "முடியாது மேம்" என்று எப்படிச் சொல்லும்?