வேண்டாமிர்தம் என்று பெயர் வைத்தால் தம்பி பிறப்பானா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நெசவுக் குடும்பம். "என் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, என் பெரியம்மா, பெயர் வேண்டாமிர்தம். வீட்டில் மூன்றாவது பெண். அந்தப் பெயரை வைத்த பிறகுதான் மாமா பிறந்தார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் இப்படியே பலித்திருக்கிறது. இதில் அறிவியல் ஏதாவது உண்டா?"

பழைய வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. வேண்டாம், வேண்டா, வேண்டாமிர்தம் என்று ஓய்வூதிய வரிசையிலும் வாக்காளர் பட்டியலிலும் பார்த்திருப்பார்கள். தெற்கே இதே வேலையைப் போதும்பொண்ணு செய்கிறது. அடுத்தடுத்துப் பெண் பிறந்த வீட்டில், 'இனிப் பெண் வேண்டாம்' என்று தெய்வத்துக்குச் சொல்லும் விண்ணப்பத்தைக் குழந்தையின் மேலேயே எழுதிவிடுவது வழக்கம். திருத்தணிக்கு அருகே நாராயணபுரத்தில் வேண்டாம் என்ற பெயருடன் பல பெண்கள் இருப்பது 2019இல் செய்தியாகவே வந்தது. வேண்டாமிர்தம் என்ற வடிவம் எனக்குத் தனியாகப் பிடிக்கும். பெற்றவளுக்கு மனசு கேட்கவில்லை என்பது போல, வேண்டாம் என்ற சொல்லோடு அமிர்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குப்பு, குப்பம்மாள், பிச்சை என்ற பெயர்களையும் இதோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. அது தவறு. குழந்தைகள் தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து, 'இது மதிப்பில்லாதது, இதை விட்டுவிடு' என்று எமனிடம் கெஞ்சி வைத்த பெயர் குப்பு. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் பெயர் அது. வேண்டாம் என்பது அப்படியில்லை.

இனிக் கேள்விக்கு வருவோம். தாயிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள், தந்தையிடம் ஒரு எக்ஸ், ஒரு ஒய். தந்தையிடமிருந்து எது வருகிறதோ அதைப் பொறுத்தே பெண்ணும் ஆணும் என்பது பள்ளிப் பாடம். இதை 1905இல் கண்டு சொன்னவர்களில் ஒருவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. மாவுப்புழுவின் செல்களை நுண்ணோக்கியில் வைத்துக் குரோமோசோம்களை எண்ணினார். பெண் புழுவிடம் பெரியவை 20. ஆண் புழுவிடம் பெரியவை 19, கூடவே சின்னதாக ஒன்று. அந்தச் சின்னதுதான் ஒய்.

என்னை வியக்கவைப்பது இதற்கு அடுத்த கட்டம். எக்ஸும் ஒய்யும் சரிபாதியாக எப்படிப் பிரிகின்றன? விந்தணு உருவாகும்போது நடக்கும் குன்றல் பகுப்பில், அதாவது குரோமோசோம்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையும் செல் பிரிவில், ஒவ்வொரு குரோமோசோமும் முதலில் தன் இணையைத் தேடிப் பிடித்து, நீளவாக்கில் ஒட்டி நிற்க வேண்டும். மற்ற 22 ஜோடிகளுக்கு அது எளிது; இரண்டும் ஒரே அளவு. எக்ஸ் பெரியது, ஒய் அதில் பாதிக்கும் குறைவு. உடம்பெல்லாம் ஒட்ட வழியில்லை. ஆகவே இரண்டும் நுனியில் மட்டும் ஒரு சிறு பகுதியைப் பொதுவாக வைத்திருக்கின்றன. உயரமான அக்காவும் குள்ளமான தம்பியும் சுண்டுவிரலை மட்டும் கோத்துக்கொண்டு நிற்பது போல, அந்த நுனியில் பிடித்துக்கொண்டு செல்லின் நடுவில் நிற்கின்றன. பிறகு இரு துருவங்களிலிருந்தும் கதிர் இழைகள் வந்து பற்றி, ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் இழுக்கின்றன. கதிர் என்ற சொல் குடியாத்தத்துக்காரருக்குப் புதிதல்ல. ராட்டையில் நூல் சுற்றும் அதே கதிர்தான். நடுவில் பருத்து இரு முனையிலும் கூர்ந்திருக்கும் அந்த வடிவத்தைப் பார்த்துத்தான் உயிரியலில் இப்பெயர் வந்தது. சுண்டுவிரல் பிடி சரியாக அமையவில்லையென்றால், செல் பெரும்பாலும் தன்னையே அழித்துக்கொள்கிறது. சரியாகப் பிரிந்தால், ஒரு தாய்ச் செல்லிலிருந்து நான்கு விந்தணுக்கள்: இரண்டில் எக்ஸ், இரண்டில் ஒய்.

ஆக, பாதிக்குப் பாதி என்பது குருட்டு அதிர்ஷ்டம் தந்த கணக்கு அல்ல. செல்லுக்குள் நடக்கும் பாகப்பிரிவினை. இந்த வேலை தொடங்கி விந்தணு முழுமை பெற ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கில் நடக்கிறது. மூத்த மகளின் பெயர் என்னவென்று கேட்டுக்கொண்டு வரும் வழி எதுவும் அந்தக் கதிர் இழைகளுக்கு இல்லை. இத்தனை தெளிவாகத் தெரிந்த பிறகும் பெண் பிறந்தால் மருமகளை வைகிற வீடுகள் இருக்கின்றன. பிரித்துக் கொடுத்தது மகன் உடம்பு.

அப்படியானால் தெருவில் மூன்று வீடுகளில் பலித்தது எப்படி?

80 வீடுகளை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றிலும் மூன்று பெண்கள். மூன்றாமவள் பெயர் வேண்டாமிர்தம். இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. எளிமைக்காகப் பாதி என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த பிரசவத்தில் 40 வீடுகளில் பையன். "பெயர் வைத்தோம், பலித்தது." மீதி 40 வீடுகளில் இன்னொரு பெண், ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை. அடுத்த முறை 20 வீடுகளில் பையன், அதற்கடுத்து 10 வீடுகளில். கூட்டிப் பாருங்கள்: 80இல் 70 வீடுகளில் வேண்டாமிர்தத்துக்குத் தம்பி இருக்கிறான். பலிக்காத 10 வீடுகளும் இதைத் திண்ணையில் உட்கார்ந்து பேசப் போவதில்லை. மூன்று பெண்களுக்கும் கலா, மாலா, லீலா என்று பெயர் வைத்துவிட்டுக் காத்திருந்த வேறு 80 வீடுகள் ஊரில் இருந்தால், அங்கேயும் 70 தம்பிகள்தான். அவர்களை யாரும் எண்ணவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டம் வேண்டும் என்பதை மருந்துச் சோதனைக்கு ஒப்புக்கொள்கிற நாம், நேர்த்திக்கடனுக்கு ஒப்புக்கொள்வதில்லை.

இங்கே வாசகியின் கடிதத்தை மறுபடி படித்தேன். வேண்டாமிர்தம் அவருக்குப் பெரியம்மா. அதாவது அம்மாவுக்கு மூத்தவர். அம்மா பிறந்தது அந்தப் பெயர் வைத்ததற்குப் பிறகு. பெயர் வைத்ததும் அந்த வீட்டில் வந்தது மாமா என்பதற்கில்லை. மாமாவுக்கு முன்பாகவே உங்கள் அம்மா வந்திருக்கலாம். மாமா உங்கள் அம்மாவுக்கு அண்ணனா, தம்பியா? தம்பி என்றால், உங்கள் வீட்டிலேயே பெயர் முதல் முறை பலிக்கவில்லை. நடுவில் பிறந்த ஒரு பெண்ணைக் கணக்கில் விட்டுவிட்டுத்தான் இத்தனை வருடமாகக் கதை சொல்லி வருகிறார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு திருத்தம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாத் தம்பதிக்கும் சரிபாதி வாய்ப்பு இல்லாமலும் இருக்கலாம். பல பத்தாண்டுகளாகத் தொடரப்படும் அமெரிக்கச் செவிலியர் ஆய்வில், 58,000க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவங்களை அலசி 2025இல் ஒரு கட்டுரை வந்தது. மூன்று பெண்கள் பிறந்த வீட்டில் நான்காவதும் பெண்ணாக இருக்கும் வாய்ப்பு 58 சதவீதம் அளவுக்கு இருந்தது. அதையே எடுத்துக்கொண்டாலும் மூன்று முயற்சிகளில் 80இல் 64 வீடுகளுக்குப் பையன் வந்துவிடுகிறான். பெயருக்குப் புகழ் குறையாது.

இப்படி ஆண்டுக்கணக்கில் பொறுமையாக எண்ணும் ஆய்வுக்கு நம் நாட்டில் பணம் கிடைப்பது அரிது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். புதுக் கருவி வாங்கக் கிடைக்கிறது. பதிவேடு பராமரிக்கக் கிடைப்பதில்லை. வேலூருக்கு அதன் அருமை தெரியும். கணியம்பாடி வட்டாரத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலப் பணியாளர்கள் ஊர் ஊராகப் போய்ப் பிறப்பு இறப்புகளைப் பல பத்தாண்டுகளாகக் குறித்து வருகிறார்கள். பெயரையும் பிறந்த வரிசையையும் சேர்த்துப் பார்க்க ஒரு சிறு நிதி ஒதுக்கினால், மேலே நான் கற்பனையாகச் சொன்ன 80 வீடுகளின் இடத்தில் உண்மையான வீடுகளை வைத்துப் பேசலாம்.

பையன் பிறக்கும்வரை பெற்றுக்கொண்டே போனால் நாட்டில் ஆண்கள் கூடிவிடுவார்களா என்றும் சிலர் கேட்பதுண்டு. கூடமாட்டார்கள். ஒவ்வொரு பிரசவமும் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். 1,000 வீடுகள் அப்படிச் செய்தால் 1,000 பையன்களும் ஏறக்குறைய 1,000 பெண்களும் இருப்பார்கள். மாறுவது வேறொன்று. அந்த ஊரில் எந்தப் பையனுக்கும் தங்கை இருக்கமாட்டாள். பிறந்த எல்லாப் பெண்களும் அக்காக்கள்; பெரிய குடும்பங்களில், சோற்றையும் பள்ளிக் கட்டணத்தையும் பங்கிட்டுக்கொண்டு வளர்கிறவர்கள். கடைசிக் குழந்தை எது என்று பார்த்தாலே குடும்பத்தின் மனசு தெரிந்துவிடும். 2017-18ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, இளஞ்சிவப்பு அட்டையோடு வந்ததே, இந்த வழியில்தான் கணக்கிட்டு, 25 வயதுக்குட்பட்ட 'வேண்டாத பெண்கள்' 2.1 கோடிக்கு மேல் என்றது. நம் ஊர்ப் பதிவேட்டில் எப்போதோ எழுதிவைத்த சொல்.

இப்போது இந்தப் பெயர் மறைந்துவருகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மூன்றாவது பெண்ணே அரிது. வேண்டாமிர்தத்துக்கு இடம் எங்கே? மனம் மாறிவிட்டது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பெயர் யாரையும் கொல்லவில்லை. ஆனால் கருவிலேயே பாலினம் பார்த்துப் பெண்ணை அழிப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் போட வேண்டியிருந்தது.

கேள்வி கேட்ட வாசகிக்கு என் கேள்வி ஒன்று உண்டு. பெரியம்மாவின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் பின்னால் பிறந்த உங்கள் அம்மாவுக்கு என்ன பெயர் வைத்தார்கள்?