பாலம் பார்க்க வரும் பிள்ளைக்குக் காலை மருந்தைக் கொடுத்துவிட்டீர்களா?

பள்ளிக்கூட விடுமுறை விட்டால் போதும், ராமேசுவரம் பக்கமுள்ள எங்கள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஒரே மாதிரி கேஸ்கள் வர ஆரம்பித்துவிடும். வெளியூர் வேன், ஈரத் துணியோடு வெட்டி வெட்டி இழுக்கும் ஒரு பிள்ளை, அதன் கைக்குள் திணித்த வேன் சாவி. போன வாரமும் அப்படி ஒன்று வந்தது. இதற்கு மேல் எழுதாமல் இருப்பது சரியில்லை.

அந்தப் பெண் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம், கூடவே வலிப்பு. நடக்க முடியாது. பேச்சும் நாலைந்து சொற்கள்தான். யூடியூபில் பாம்பன் புதுப்பாலம் மேலே எழும்புவதைப் பார்த்ததிலிருந்து, அந்த நாலைந்து சொற்களில் 'பாலம்' ஒன்றாகிவிட்டதாம். கடன் வாங்கி வேன் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். ஊசி போட்டு வலிப்பை நிறுத்திய பிறகு அம்மாவிடம் கேட்டேன், காலை மருந்து கொடுத்தீர்களா என்று.

"குடுத்தா தூங்கிருவா டாக்டரம்மா. எம்புட்டு ஆசையா வந்தா... அதான் இன்னிக்கு ஒருநா மட்டும் வேணாம்னு வச்சிட்டோம்."

பையைத் திறந்து காட்டினார். துண்டில் சுற்றி, கவரில் போட்டு, சிரப் பாட்டில் பத்திரமாக இருந்தது. பயணத்துக்கென்றே வாங்கிய புதுப் பாட்டில். மூடியின் சீல்கூட உடையவில்லை.

அந்த அம்மாவை நான் திட்டவில்லை. பிள்ளை முழித்திருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தது தப்பா? ஆனால் இந்த 'ஒருநாள் மட்டும்' என்ற நினைப்பைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன்.

ஆறு மாதமாக வலிப்பு வரவில்லை என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மருந்து அதை வரவிடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கண்மாய்த் தண்ணீர் அமைதியாகக் கிடக்கிறதே என்று யாராவது கரையை வெட்டுவார்களா? வலிப்பு மருந்துகள் பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை கொடுப்பவை. ஏன் இரண்டு வேளை? காலையில் கொடுத்தது இரவுக்குள் ரத்தத்தில் குறைந்துவிடும் என்பதால்தான். ஒரு வேளை விட்டாலே அளவு இறங்கும், இரண்டு வேளை விட்டால் சொல்ல வேண்டியதே இல்லை. தூக்கம் வரவைக்கிறதே என்று நீங்கள் குறை சொல்லும் பினோபார்பிட்டோன், குளோபசாம் மாதிரி மருந்துகளில் ஆபத்து இன்னும் அதிகம். அவற்றைத் திடீரென்று நிறுத்தினால், நிறுத்தியதே வலிப்பைக் கிளப்பும். அதுவும் சில நேரம் சாதாரண வலிப்பாக இருக்காது, விடாமல் தொடர்ந்து வரலாம். முன்பு வந்ததைவிட மோசமாக வந்துவிட்டதே என்று பெற்றோர் கேட்பதற்கு இதுதான் பதில்.

பிள்ளை தூங்கி வழிகிறது என்றால் அதற்கு வழி இருக்கிறது. அளவைப் பிரிக்கலாம், பெரும்பங்கை இரவுக்கு மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். அதையெல்லாம் மருந்து எழுதிய டாக்டர் செய்ய வேண்டும், அதுவும் கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே. வேனில் உட்கார்ந்துகொண்டு சித்தப்பாவும் டிரைவரும் எடுக்கிற முடிவு இல்லை அது.

தீர்த்தமாடப் போகிறோமே, இனி எதற்கு மருந்து என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. எனக்குச் சாமி மேல் வருத்தம் எதுவும் இல்லை. இதே ராமநாதபுரம் மாவட்டத்தில், மனநோயாளிகளைப் பிரார்த்தனைக்குக் கூட்டி வரும் தர்கா உள்ள ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிப் போனார்கள். அதே ஏர்வாடியில் இன்று பிரார்த்தனை ஒரு பக்கம், அரசு மனநல மருத்துவர் கொடுக்கும் மாத்திரை ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. அங்கே முடிகிறது என்றால் உங்கள் வேனிலும் முடியும்.

அடுத்தது, நாளின் திட்டம். இரவெல்லாம் வேன். விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம். வெறும் வயிற்றோடு அக்னி தீர்த்தம், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம். மதியம் தனுஷ்கோடி, வருகிற வழியில் கலாம் நினைவிடம். நல்ல உடம்புக்காரனே படுத்துவிடுவான். வலிப்பு உள்ள பிள்ளைக்குத் தூக்கம் கெடுவதும் பட்டினி கிடப்பதும் மருந்து விடுவதும் ஒரே நாளில் சேர்ந்தால், நாங்கள் ஊசியோடு தயாராக நிற்க வேண்டியதுதான். இத்தனை ஊர் சுற்றியும், பிள்ளை கேட்ட பாலம் கடைசியில் இருட்டிய பிறகுதான் வரும். பிள்ளையின் ஆசைக்காகப் போகிறோம் என்றால் முதல் நாள் இரவே வந்து தூங்குங்கள், மறுநாள் காலை அது கேட்டதை முதலில் காட்டுங்கள். மாமாவின் நேர்த்திக்கடன் மத்தியானத்துக்கு மேல் நடக்கட்டும்.

பாலம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். ஆனால் கப்பலோ பெரிய படகோ கடக்கும்போது மட்டும்தான் தூக்குவார்கள், நினைத்த நேரத்துக்கு அல்ல. அதற்காகச் சாலைப் பாலத்தில் உச்சி வெயிலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். டோபிராமேட் என்ற வலிப்பு மருந்து சாப்பிடும் பிள்ளைகளுக்கு வியர்வை சரியாக வராது, வெயிலில் உடம்புச் சூடு கிடுகிடுவென்று ஏறும். இதை மருந்துச் சீட்டில் யாரும் எழுதித் தருவதில்லை. அதைவிட, மண்டபத்தில் ரயில் ஏறி ராமேசுவரம் வாருங்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் போதும், கடல் தானே வரும். துணையில்லாமல் பயணிக்க முடியாத பிள்ளை என்று ரயில்வே படிவத்தில் அரசு மருத்துவரின் சான்று இருந்தால், படுக்கை வகுப்பிலும் மூன்றாம் ஏசியிலும் பிள்ளைக்கும் உடன் வருகிறவருக்கும் 75 சதவீதம் சலுகை உண்டு. சான்றை ஊரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்த்தம். விழுங்கவே சிரமப்படும் பிள்ளையின் தலையில் வாளி வாளியாக ஊற்றாதீர்கள். மூச்சை அடக்கவும் வாயை மூடவும் அதற்குத் தெரியாது. கையில் அள்ளி உச்சியில் தெளித்தால் போதும். ஈரத் துணியோடு பிரகாரமெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தால் கைகால் இறுகி, துணி மாற்றுவதே பெரும்பாடாகிவிடும். கல் தரையும் வழுக்கும். தூக்கியிருப்பவர் விழுந்தால் பிள்ளையும் சேர்ந்துதான் விழும்.

கடலில் கால் நனைக்க வேண்டும் என்றால் அக்னி தீர்த்தமோ அரியமான் கடற்கரையோ போதும். எங்கள் பக்கம் பெண்கடல் என்று சொல்வது இதைத்தான். மழைக்காலம் தவிர்த்துப் பார்த்தால் அலை குறைவு. தனுஷ்கோடியைத் தாண்டிய அரிச்சல்முனையில் இறங்கவே வேண்டாம், அலை மிகுந்த ஆண்கடல் இழுக்கும். அங்கே நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, ஆஸ்பத்திரிக்கு ராமேசுவரம்தான் திரும்பி வர வேண்டும். சக்கர நாற்காலியை மணலில் முன்னால் தள்ளினால் சின்னச் சக்கரம் புதையும். திருப்பி, பின்பக்கமாகச் சாய்த்து இழுங்கள். காலில் உணர்ச்சி இல்லாத பிள்ளையைச் சுடுமணலில் உட்கார வைக்காதீர்கள். கொப்புளம் வந்த பிறகு அழவும் செய்யாது.

இவ்வளவுக்குப் பிறகும் வலிப்பு வந்துவிட்டதா? ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். மணியைப் பாருங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் கூடாது. சாவியும் வேண்டாம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். நீங்கள் சாவியைத் தேடி எடுக்கவும் அதே நேரம்தான் ஆகிறது, பெயரைச் சாவி வாங்கிக்கொள்கிறது. ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நின்று மறுபடியும் வந்தால் 108. வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே வேண்டுமா என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். எழுதிக் கொடுத்தால், அது வேனின் கூரையில் கட்டிய பெட்டியில் இருக்கக் கூடாது, அம்மாவின் கைப்பையில் இருக்க வேண்டும். கூடவே மருந்துச் சீட்டின் நகலும். 'மஞ்சள் மாத்திரை, காலையில அரை' என்று சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு வேளை மருந்து மறந்தே போனால், ஞாபகம் வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நேரம் வந்துவிட்டது என்றால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். மலைப்பாதையே இல்லாத இந்த ஊரிலும் பிள்ளைகள் வேனில் வாந்தி எடுக்கும். குடித்த உடனே வாந்தி வந்தால் திரும்பக் கொடுப்பதா, எத்தனை நிமிடத்துக்குள் என்பதையும் அந்தச் சீட்டின் பின்புறமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு இரண்டு மூன்று நாள் கவனித்துக்கொண்டே இருங்கள். சளியோடு காய்ச்சல், சாப்பிடும்போது இருமல், மூச்சு வாங்குவது இதில் எது இருந்தாலும், தீர்த்தத்தில் குளித்த சளிதானே என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள், தாயே.