டென்னிஸ் என்று ஏன் எழுதுகிறீர்கள்?

மதுரையில் குடிமைப் பணித் தேர்வர்களுக்கு மாதிரி நேர்காணல் நடத்துவது என் வேலை. விண்ணப்பத்தில் 'பொழுதுபோக்கு' கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் அதில் டென்னிஸ் என்று எழுதியிருந்தான். இரண்டாவது கேள்விக்கே திணறினான். பேச்சுவாக்கில் விசாரித்தால், வீட்டில் கிடாய் வளர்க்கிறார்கள். சந்தையில் வாயைத் திறந்து பார்த்து ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று வயது சொல்கிறவன் அவன். "இதை ஏம்ப்பா எழுதல?" என்றேன். "அதெல்லாம் போய் டெல்லில சொல்ல முடியுமா சார்?"

இதைத் தாழ்வு மனப்பான்மை என்று ஒதுக்கிவிட மாட்டேன். எந்த அரசும் அறிவை மட்டும் பார்த்து ஆள் எடுத்ததில்லை. 'நம்மைப் போன்றவரா' என்றும் சேர்த்தே பார்த்திருக்கிறது. வெள்ளைக்காரர் ஆட்சியில் அதிகாரிகளை எடுக்க 1855இல் ஐசிஎஸ் தேர்வு தொடங்கியபோது கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கும் அரபுக்கும் தலா 375. தமிழ் பட்டியலிலேயே இல்லை. 1922 வரை தேர்வு எழுத லண்டனுக்குத்தான் கப்பல் ஏற வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிய அரவிந்தர், குதிரையேற்றத் தேர்வில் தேறாததால் வெளியேறினார். ஜில்லாவை நிர்வகிக்க குதிரை தேவைதான், மறுக்கவில்லை. கிரேக்கம் எதற்கு?

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லி என்ன? குடவோலையைப் பெருமை பேசாத மேடை நம்மிடம் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு கேட்ட தகுதிகளில் கால் வேலி அளவுக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனை, வேதப் பயிற்சி எல்லாம் உண்டு. கணக்குக் காட்டாதவரின் உறவினரும் நிற்கக் கூடாது என்ற விதி அருமையானது, இன்றைக்கும் வேண்டும். ஆனால் அந்தக் குடத்துக்குள் யார் பெயர் விழும் என்பது ஓலை எழுதும் முன்பே முடிவாகிவிட்டது. பிரான்சில் உயர் அதிகாரிகளுக்கென்று 1945இல் தொடங்கிய பள்ளியிலிருந்து நான்கு குடியரசுத் தலைவர்கள் வந்தார்கள். ஒரே வார்ப்பில் ஆட்களைத் தயாரிக்கிறது என்ற புகார் முற்றி, நான்காமவரான மக்ரோனே அதை மூடிவிட்டு வேறு நிறுவனம் அமைத்தார்.

நம் மாவட்டத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகளைப் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கியது அரசு. தலைவர் என்றால் யார் என்று ஊரில் ஆதிக்கம் செலுத்தியவர்கள் வைத்திருந்த கணக்கு வேறு. 1996 முதல் பத்து ஆண்டுகள் வேட்புமனுவே வராது; அல்லது ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். 2006இல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. இதேபோல் ஒதுக்கப்பட்ட மேலவளவில் 1997 ஜூனில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டியே கொன்றார்கள். பொதுவான பண்பாடு என்று எங்காவது கேள்விப்பட்டால், அது யாருக்குப் பொது என்று என் மாணவர்களைக் கேட்கச் சொல்வது இதனால்தான். மாதிரி நேர்காணலிலும் இந்த ஊர்களைப் பற்றிக் கேட்பேன். "அதெல்லாம் அந்தக் காலம் சார்" என்று நழுவுகிறவர்கள்தான் அதிகம். நேர்காணல் வாரியம் எதிர்பார்ப்பது அந்த நழுவலைத்தான் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நடந்ததை ஆண்டோடு சொல்லி, சட்டம் என்ன செய்தது, எதைச் செய்ய முடியவில்லை என்று நிதானமாகப் பேசுகிறவருக்கு நான் மதிப்பெண் போடுவேன்.

சரி, இன்றைய நிலைமை? யுபிஎஸ்சி நடத்தும் குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண், அதில் நேர்காணலுக்கு 275. சமநிலையோடு முடிவெடுப்பது, ஆர்வங்களின் விரிவும் ஆழமும், நேர்மை இவற்றையெல்லாம் சோதிப்பதாக அறிவிக்கையே சொல்கிறது. ஆழம் என்று வந்தால் டென்னிஸை விடக் கிடாய்க்குத்தான் வாய்ப்பு. தீவனம், நோய், தரகு, சந்தை விலை என்று நாலு பக்கமும் கேள்வி வரட்டுமே, வீட்டில் பார்த்ததைத்தானே சொல்லப் போகிறீர்கள்!

கோட்டு தைப்பதற்கு முன்னால் இன்னொன்றையும் யோசியுங்கள். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதுகிறவர் நேர்காணலையும் தமிழிலேயே சந்திக்கலாம். மொழிபெயர்ப்பாளர் உடன் இருப்பார். ஆங்கிலத்தில் பேசினால்தான் மரியாதை என்று பக்கத்து அறை நண்பர் சொன்னதற்காக மாற்றிவிட்டு, அங்கே போய் வினைச்சொல்லைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். எந்த மொழி என்பதை விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும். அதனால் அதை நிரப்புவதற்கு முன்பே இரண்டு மொழியிலும் ஒருமுறை மாதிரி நேர்காணல் கொடுத்துப் பாருங்கள்.