சூறாவளிக்கு முன் கிளினிக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றுங்கள்

"வெள்ளைக் குளிசை ரெண்டு, ரோஸ் குளிசை ஒண்டு, ராவைக்குப் பாதி, டொக்டர்."

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், மூச்சு வாங்க வாங்க எங்கள் ஆஸ்பத்திரி விடுதிக்கு வந்த ஓர் அம்மா சொன்னது இவ்வளவுதான். இதய நோயாளி. நோயும் மருந்தும் எழுதிய கிளினிக் கொப்பி தண்ணீரோடு போய்விட்டது. தலைமாட்டில் இருந்த குளிசைகள் உறையோடு கரைந்து கூழாகிவிட்டன. நான்கு நாள் மருந்தில்லாததில் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. வெள்ளைக் குளிசை என்றால் எத்தனையோ இருக்கிறதே, எதைக் கொடுப்பது? கூரையில் மணல் மூட்டை, வீட்டில் அரிசி, தேங்காய், மண்ணெண்ணெய் என்று வீட்டுக்காரர் எல்லாம் செய்திருந்தார். மருந்து மட்டும் யாருக்கும் நினைவில் வரவில்லை.

மட்டக்களப்பில் ஒவ்வொரு மாரிக்கும் நான் இதைப் பார்க்கிறேன். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும்போது பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கையில் இருக்கும். அந்த நாட்களில் முதல் வேலையாக ஒரு மருந்துப் பை கட்டுங்கள். இரண்டு கிழமைக்குப் போதுமான குளிசைகள், இழுப்பு உள்ளவர்களுக்கு இன்ஹேலர், கிளினிக் கொப்பி, அடையாள அட்டை. எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் வையுங்கள். கொப்பியில் கடைசியாக மருந்து எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பிவிடுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள் கரண்ட் போனதும் பதறுகிறார்கள். பாவனையில் இருக்கும் போத்தல், 30 பாகைக்கு மேல் சூடு ஏறாத இடத்தில் சுமார் நான்கு கிழமை தாங்கும். போத்தலைப் பொலித்தீனில் சுற்றிச் சின்ன முட்டிக்குள் வைத்து, அந்த முட்டியை ஈரமணல் போட்ட பெரிய பானைக்குள் இறக்கி நிழலில் வைத்தால் போதும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்க வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் பிறகு உதவாது.

பேறுகாலம் நெருங்கியவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள் காற்று தொடங்கும்வரை காத்திருக்கக்கூடாது. வீதியில் மரம் விழுந்தபின் 1990 இலக்கத்துக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸும் வர முடியாது. முதல்நாளே ஆஸ்பத்திரிப் பக்கம் வந்துவிடுங்கள்.

1978 நவம்பர் 23 இரவைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். 900க்கும் மேற்பட்ட உயிர்களையும் மாவட்டத்தின் தென்னைகளில் பெரும்பகுதியையும் கொண்டுபோன சூறாவளி அது. முதலில் வாடைப் பக்கமிருந்து அடித்ததாம். நடுவில் காற்று ஓய்ந்தது, முடிந்ததென்று சனம் வெளியே வந்தது. அப்புறம் தெற்கிலிருந்து திரும்ப அடித்தது. சுழலின் கண், அதாவது காற்றில்லாத நடுப்பகுதி, தலைக்கு மேல் கடந்தால் அப்படித்தான் நடக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரமும் சுவரும் இரண்டாவதில் விழும். ஆகவே அமைதியானாலும் உள்ளேயே இருங்கள். வானொலியில் சொன்ன பிறகு வெளியே வரலாம், ஐயம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அடித்துக் கேளுங்கள்.

கரையில் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோது உயிர்களை அதிகம் எடுத்தது காற்றல்ல, வெள்ளமும் மலையகத்து மண்சரிவும்தான். வீட்டுச் சுவரிலோ நிலத்திலோ புதிய வெடிப்பு தெரிந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், சாமான் எடுக்க நிற்காமல் வெளியேறுங்கள்.

காற்று ஓய்ந்த மறுநாளிலிருந்துதான் எங்கள் விடுதி நிரம்பத் தொடங்கும். ஈரக் கூரையில் ஏறி வழுக்கி இடுப்பு உடைந்தவர்கள், தகரம் வெட்டியவர்கள். கூரை ஒரு நாள் பொறுக்கும். வீட்டுக்குள்ளே தார்ப்பாயைக் கட்டிவிட்டு, கூரை வெயிலில் காயும்வரை இருங்கள். தகரம் கிழித்த காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, அன்றைக்கே வந்து ஏற்பு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ விறாந்தையிலோ ஓட்டவே வேண்டாம். அதன் புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

அடுத்தது எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றுவது. வெள்ளம் நின்ற வயலிலும் வாய்க்காலிலும் இறங்கி வேலை செய்பவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேட்டால், தேவைப்படுபவர்களுக்கு டொக்சிசைக்ளின் என்ற தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அதையும் மீறிக் காய்ச்சல், கெண்டைக்கால் உளைவு, கண் சிவப்பு வந்தால், சிறுநீர் குறைந்தால் பனடோலோடு வீட்டில் கிடக்காதீர்கள். வந்ததும் முதல் வார்த்தையாக "வெள்ளத்துக்குள்ள நிண்டனான்" என்று சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் எங்களுக்கு முதல் நாளே எலிக்காய்ச்சல் நினைவுக்கு வரும்.