ஏபிகே மோசடியைக் காட்டிச் செயலிச் சந்தையைப் பூட்டி வைக்கலாமா?

போக்குவரத்து அபராதம் செலுத்தும் செயலி என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு கைபேசியில் செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) நிறுவி, ஓய்வூதியக் கணக்கில் இருந்த பணத்தை இழந்த ஒருவரின் கைபேசி சென்ற வாரமும் ஆய்வுக்காக என்னிடம் வந்தது. உடன் வந்த அவருடைய மகன், "இதற்குத்தான் சார், கூகுள் கடையைத் தவிர வேறு கடைகளை அனுமதிக்கவே கூடாது என்கிறோம்" என்றார். படித்தவர்களே இப்படிச் சொல்லும்போது, இணையப் பாதுகாப்புத் தொழிலில் இருக்கும் நான் மௌனமாக இருப்பது சரியாகாது.

செயலிச் சந்தையில் போட்டி வேண்டும் என்பது வேறு, யார் அனுப்பிய கோப்பையும் நிறுவலாம் என்பது வேறு. வாட்ஸ்அப்பில் வந்த அந்தக் கோப்புக்குப் பின்னால் எந்தக் கடையும் இல்லை. அதை உருவாக்கியவர் யார் என்று எவரும் சரிபார்க்கவில்லை. தீங்கானது என்று தெரிந்த பின்னும் அதை விலக்கிக்கொள்ளும் பொறுப்பு எவருக்கும் இல்லை. 2024 பிப்ரவரியில் போன்பே தொடங்கிய இண்டஸ் ஆப்ஸ்டோர் ஒரு கடை. சாம்சங் தன் கைபேசிகளில் தரும் கேலக்ஸி ஸ்டோரும் ஒரு கடை. தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்பது அங்கே தெரியும். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் கோப்பில் அது தெரியாது. மேலும், இந்த மோசடிகளெல்லாம் கூகுளின் செயலிக் கடையான பிளே ஸ்டோர் ஏகபோகமாகக் கோலோச்சும் காலத்திலேயே நடக்கின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கடைக்குள் இருப்பதெல்லாம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் தவறு. 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை 2,500-க்கும் மேற்பட்ட கடன் செயலிகளையும், 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை 2,200-க்கும் மேற்பட்டவற்றையும் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நீக்கியது நல்லதே, ஆனால், நீக்கப்படும் வரை அவை அங்கேதான் இருந்தன.

எங்கள் தொழிலில் இருப்பவர்களைக் கவலைப்படுத்தும் செய்தி ஒன்று உண்டு. பிளே ஸ்டோருக்குள் வேறு கடைகளுக்கு இடமில்லை. ஆகவே, இன்னொரு கடையை அதன் இணையதளத்திலிருந்து நிறுவ விரும்புபவர், அறியப்படாத செயலிகளை நிறுவும் அனுமதியைத் தன் பிரவுசருக்குக் கொடுத்தாக வேண்டும். மோசடிக் கோப்பு கேட்பதும் அதே அனுமதியைத்தான். முறையான கடைக்கும் திருட்டுக் கோப்புக்கும் ஒரே வகை எச்சரிக்கை வந்தால், மக்கள் எச்சரிக்கையைப் படிக்காமலேயே தாண்டிச் செல்லப் பழகுகிறார்கள். வாசலைப் பூட்டிவிட்டுப் புழக்கடையைத் திறந்து வைப்பது போன்ற ஏற்பாடு இது.

இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, பிற கடைகளையும் பிளே ஸ்டோர் வழியாக வழங்க இடம் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தாலும் அந்த உத்தரவை ரத்து செய்தது. பாதுகாப்பின் கோணத்தில் பார்த்தால், ரத்தாகியிருக்கக் கூடாத உத்தரவு அது என்பது என் கருத்து.

செயலி நிறுவனங்களிடம் கூகுள் வசூலிக்கும் கட்டணம் பற்றிய விவகாரம் என் துறை அன்று. ஆயினும், கட்டணத் தகராறில் 2024 மார்ச் 1 அன்று சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட செயலிகள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டு, அரசு தலையிட்ட பின்னரே திரும்பி வந்தன என்பதை மறக்க வேண்டாம். பிளே ஸ்டோருக்கு ஈடாக மக்கள் பயன்படுத்தும் வேறு கடை இருந்திருந்தால் அரசு தலையிட வேண்டியிருந்திருக்காது.

திறந்துவிட்டால் கட்டுப்பாடே போய்விடும் என்று அஞ்சுபவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தைப் பார்க்கலாம். அங்குள்ள டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தால் 2024 மார்ச் முதல் ஐபோனிலும் பிற கடைகளுக்கு ஆப்பிள் வழிவிட்டது. அந்தக் கடைகளில் வரும் செயலிகளும் ஆப்பிளின் அடிப்படைச் சோதனையைத் தாண்டியே வருகின்றன. சோதனையை வைத்துக்கொண்டே சந்தையைத் திறக்க முடியும். செயலியை உருவாக்குபவரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதும், புகார் வந்தால் விரைந்து நீக்குவதும் எந்தக் கடைக்கும் சட்டக் கடமையாக இருக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே கைபேசி அமைப்புகளைத் திறந்து, வாட்ஸ்அப், பிரவுசர், கோப்பு மேலாளர் ஆகியவற்றுக்கு அறியப்படாத செயலிகளை நிறுவும் அனுமதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அபராதம், திருமண அழைப்பிதழ், வங்கிச் சரிபார்ப்பு என்று எந்தப் பெயரில் ஏபிகே வந்தாலும் தொடாதீர்கள். எந்தக் கடையிலிருந்து வந்த செயலியானாலும், காரணமில்லாமல் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே நிறுவிவிட்டீர்கள் என்றால், இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு கைபேசியிலிருந்து வங்கியையும் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐயும் உடனே அழையுங்கள். பதற்றத்தில் கைபேசியை முழுவதுமாக அழித்துவிட்டு எங்களிடம் கொண்டுவராதீர்கள், தயவுசெய்து. தீங்கு கடை வழியாக வந்ததா, கடையே இல்லாத வழியில் வந்ததா என்பதைக் காவல்துறைக்கு நாங்கள் எடுத்துக்காட்ட அந்தத் தடயங்கள் தேவை.